கூமுட்டையா, குஞ்சா? வாத்து அடைகாப்பு: வாசகர் கேள்வி – பதில்

வாத்து முட்டையை வீட்டிலேயே பொரிக்க வைப்பது பற்றி எல்லையோர வாசகர்கள் நிறையவே கேட்டு எழுதியிருக்கிறார்கள். மேற்கே செங்கோட்டை, கம்பம், மார்த்தாண்டம், கொழிஞ்சாம்பாறை. வடக்கே நகரி, சத்தியவேடு. அறுப்பு முடிந்த வயலில் வாத்துப் பட்டி இறங்கும் பக்கங்கள் என்பதால் முட்டைக்குப் பஞ்சமில்லை, குஞ்சுக்குத்தான் பஞ்சம். கடிதங்களைப் படித்தால் பாதிச் சிக்கலுக்குக் காரணம் ஒன்றுதான்: வாத்து முட்டையையும் குஞ்சையும் கோழி மாதிரியே நடத்துவது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: வீட்டில் நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. சந்தையில் வாங்கிய வாத்து முட்டை 12 இருக்கிறது. அப்படியே வைத்துவிடலாமா?
– செங்கோட்டை வாசகி

பதில்: முதலில் முட்டையின் வயது தெரிய வேண்டும். மேய்ச்சல் பட்டிகளில் ஆண் வாத்தும் இருப்பதால் சந்தை முட்டையில் கரு கூடியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது இட்டு எத்தனை நாள், எந்த வெயிலில் கிடந்தது என்பது விற்பவருக்கே தெரியாது. இட்ட 7 நாளுக்குள் அடை வைத்தால்தான் பொரிப்பு நன்றாக இருக்கும். அதற்கு மேல் நாளாக நாளாகக் குறையும். 5, 6 பெட்டைக்கு ஓர் ஆண் என்று விட்டிருக்கும் வாத்துக்காரரிடம் விடியற்காலை இட்ட முட்டையைக் கேட்டு வாங்குவது நல்லது. வாத்து பெரும்பாலும் பொழுது விடியும் முன்பே இட்டுவிடும்.

12 முட்டை அதிகம். ஒரு சராசரி நாட்டுக்கோழியின் நெஞ்சடியில் 8, மிஞ்சினால் 9 வாத்து முட்டைதான் அடங்கும். ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் முட்டை மட்டும்தான் குளிரும் என்று நினைக்காதீர்கள். கோழி தினமும் முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று எல்லாமே முறை வைத்துக் குளிரும்.

கோழிக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரத்தில் சில கோழிகள் எழுந்து போய்விடும். அதனால் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை குஞ்சு பொரித்த, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும் கோழியாகப் பார்த்து வையுங்கள். அகலக் கூடையில் நாலு விரல் மணல், அதன் மேல் வைக்கோல். முட்டையை இரவில் வையுங்கள். வைக்கும் முன் கோழிக்குப் பேன் இருக்கிறதா என்று இறக்கைக்கு அடியில் பாருங்கள். பேன் பிடித்த கோழி நான்கு வாரம் தாங்காது. தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டு வேலை உங்களுடையது. வாத்து முட்டை கனம் என்பதால் கோழி சரியாகப் புரட்டாது. அது தீனிக்கு இறங்கும்போது காலையும் மாலையும் நீங்களே புரட்டிவிட வேண்டும். தாய் வாத்து நனைந்த வயிற்றோடு வந்து உட்காரும், கோழி உட்காராது. எனவே 10ஆம் நாளிலிருந்து 25ஆம் நாள் வரை தினம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரைப் பனி மாதிரித் தெளித்துவிடுங்கள். கோழி முட்டையும் சேர்த்து வைக்க ஆசைப்பட்டால் அதை 7 நாள் கழித்து வையுங்கள். ஒரே நாளில் வைத்தால் 21ஆம் நாள் கோழிக்குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் போய்விடும்.

கேள்வி: முட்டையெல்லாம் சேறாக இருக்கிறது. கழுவலாமா?
– சத்தியவேடு வாசகர்

பதில்: லேசான அழுக்கைக் காய்ந்த பிறகு நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள், போதும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் துளைகள் வழியே அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவியே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் முட்டையைவிடச் சூடாக, கை பொறுக்கும் அளவில் இருக்க வேண்டும். ஊறவிடக் கூடாது. சேறு அப்பிய முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வதே மேல். அடையில் ஒரு முட்டை அழுகி வெடித்தால் பக்கத்தில் உள்ளதும் கெடும்.

கேள்வி: மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் இரண்டு 40 வாட் பல்பு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், கம்ப்யூட்டர் ஃபேன் வைத்து இன்குபேட்டர் செய்தேன். 37.5 டிகிரி காட்டுகிறது. ஆனால் குஞ்சு 30ஆம் நாள்தான் வந்தது, அதுவும் பாதிதான்.
– கம்பம் வாசகர்

பதில்: 37.5 டிகிரி செல்சியஸ் என்பது ஃபேன் ஓடும் பெட்டிக்குச் சரியான அளவு. ஆனால் தெர்மோஸ்டாட் சொல்வது உண்மையா என்று பார்த்தீர்களா? குஞ்சு தாமதமாக வந்தால் சூடு குறைவு. 26, 27ஆம் நாளே அவசரமாக வந்து, தொப்புள் மூடாமல் இருந்தால் சூடு அதிகம். உங்களுடையது முதல் வகை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரையும் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலும் அதைக் கணக்கில் கூட்டியோ கழித்தோ வைக்க வேண்டும். சென்சார் முட்டையின் மேல் மட்டத்தில் தொங்கட்டும். பல்புக்கு நேர் எதிரில் தொங்கினால் அது பல்பின் சூட்டைத்தான் அளக்கும். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்கிவிடுவதால் முட்டையின் மேல் மட்டத்தில் 38.3 வேண்டும்.

முட்டையைப் படுக்க வைத்து, ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். பேனா மை வேண்டாம். ஒரு நாளைக்கு 3 அல்லது 5 முறை புரட்டல். ஒற்றைப்படை எதற்கென்றால், இரவு நெடுநேரம் புரட்டாமல் கிடக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாற வேண்டும். ஒரே பக்கமாக உருட்டிக்கொண்டே போகாமல் இந்த முறை வலம், அடுத்த முறை இடம். முதல் இரண்டு வாரம் புரட்டல் தவறினால் கரு சவ்வோடு ஒட்டிவிடும். 25ஆம் நாள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். குஞ்சு தலையைத் திருப்பி இடம் பிடிக்கும் நேரம் அது.

8ஆம் நாளிலிருந்து 25 வரை தினம் ஒரு முறை மூடியைத் திறந்து 10 முதல் 15 நிமிடம் ஆறவிடுங்கள். முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்தால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. அந்தப் பக்குவத்தில் மூடிவிடலாம்.

கேள்வி: குஞ்சு முழுதாக வளர்ந்து, முட்டைக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது. உடைத்துப் பார்த்தால் ஒரே ஈரம். தண்ணீர்த் தட்டெல்லாம் சரியாகத்தான் வைத்தோம்.
– புளியரை வாசகர்

கேள்வி: ஓட்டில் ஓட்டை போட்ட பிறகு குஞ்சு வெளியே வரவில்லை. சவ்வு காகிதம் மாதிரிக் காய்ந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது.
– கொழிஞ்சாம்பாறை வாசகி

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்லலாம். நோய் ஒன்றுதான், திசைதான் வேறு.

முட்டை அடையில் இருக்கும் நாளெல்லாம் ஓட்டின் துளைகள் வழியே நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் போன இடத்தில்தான் அகன்ற முனைப் பக்கம் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்தக் காற்றில். நீர் போதுமான அளவு போகாவிட்டால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதிப் பருத்து, தலையைத் திருப்ப இடமில்லாமல் மூழ்கிச் சாகும். அளவுக்கு மீறிப் போனால் சவ்வு இறுகிக் குஞ்சைக் கட்டிப்போட்டுவிடும்.

புளியரை, செங்கோட்டைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். காற்றே ஈரம், அதற்குள் தண்ணீர்த் தட்டும் வைத்தால் முட்டை எப்படிக் காயும்? அந்த மாதங்களில் முதல் 25 நாளுக்குத் தட்டே வேண்டாம், ஆறவிடும்போது தெளிப்பும் வேண்டாம். கொழிஞ்சாம்பாறையில் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்டு வறட்டென்று அடிக்கும். அங்கே பெரிய தட்டு, ஒரு பழைய பஞ்சுத் துணியின் நுனி தண்ணீரில், மறுநுனி காற்றில், தினமும் தெளிப்பு என்று எல்லாம் வேண்டும். 55 சதவீத ஈரப்பதம் என்று எல்லாரும் எழுதுவது பொதுக்கணக்கு. மலிவு விலை ஈரப்பதமானி 10 சதவீதம் தப்பாகக் காட்டுவது சாதாரணம்.

தராசு பொய் சொல்லாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். 25ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 13 முதல் 14 சதவீதம் இழந்திருக்க வேண்டும். 10 முட்டை சேர்ந்து 700 கிராம் என்றால் 7ஆம் நாள் சுமார் 672, 14ஆம் நாள் 645, 21ஆம் நாள் 618, 25ஆம் நாள் 602 கிராம். கூமுட்டையை எடுத்துவிட்டால் மீதியின் தொடக்க எடையிலிருந்து கணக்கைத் திரும்பப் போட வேண்டும், அதனால் ஒவ்வொரு முட்டை மேலும் அதன் முதல் எடையைப் பென்சிலால் எழுதி வையுங்கள். எடை குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லையா, தட்டை எடுங்கள், காற்றுத் துளையைப் பெரிதாக்குங்கள். வேகமாகக் குறைகிறதா, தட்டை அகலமாக்குங்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதில் ஒன்றுமில்லை. காற்றுபடும் பரப்புதான் ஈரத்தைக் கூட்டும்.

26ஆம் நாளிலிருந்து மட்டும் எந்த ஊரானாலும் ஈரம் 70 முதல் 75 சதவீதம். ஓட்டை போட்ட பிறகு சவ்வு காயக் கூடாது.

கேள்வி: கூமுட்டையை எப்போது, எப்படிக் கண்டுபிடிப்பது?
– நகரி வாசகி

பதில்: 7ஆம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு. கைப்பேசியின் டார்ச் மேல் அட்டைக் குழாயை வைத்து, முட்டையின் அகன்ற முனையை அதன் மேல் பொருத்துங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எட்டுத் திக்கும் ஓடும் சிவப்பு நரம்புகள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் புள்ளி துள்ளும். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை. நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கிச் செத்தது. சந்தேகமானதை 10ஆம் நாள் வரை விட்டு வையுங்கள். 14ஆம் நாளும் 25ஆம் நாளும் மறுபடி பாருங்கள். மூக்கில் நாற்றம் பட்டால் நாள் பார்க்காமல் தூக்கி எறியுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால்?
– சத்தியவேடு வாசகர்

பதில்: பதறாதீர்கள். தாய் வாத்தும் இரை தேடப் போகும். ஓரிரு மணி நேரம் என்றால் பெட்டியைத் திறக்காமல் மேலே கம்பளி போர்த்துங்கள். அதற்கு மேல் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். 20 நாள் தாண்டிய முட்டை தானே சூடு தரும். அதற்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், காற்றுத் துளையை அடைத்துவிடக் கூடாது. குளிர்வதைவிடக் கொதிப்பதுதான் ஆபத்து: தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு பெட்டி 41 டிகிரியைத் தாண்டினால் ஒரு பொழுதில் எல்லாம் முடிந்துவிடும்.

கேள்வி: தாரா (வாத்து) முட்டையில் 27ஆம் நாள் காலை விரிசல் விட்டது. மறுநாள் காலை வரை அதே விரிசல்தான். உடைத்து எடுத்துவிடலாமா?
– மார்த்தாண்டம் வாசகி

பதில்: வேண்டாம். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். இந்தக் கட்டத்தில் சாகும் குஞ்சுகளில் நிறைய உதவியால் சாகிறவை.

உள்ளே நடப்பது இது. 26ஆம் நாள் வாக்கில் டார்ச்சில் பார்த்தால் காற்றறையின் கோடு ஒரு பக்கம் சரிந்து இறங்கியிருக்கும். அதன் ஓரத்தில் அலகின் நிழல் அசையும். பிறகு அலகு உள்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் வரும். அப்போதுதான் முதல் குரல். முட்டையைக் காதோரம் வைத்தால் ‘கிச் கிச்’ என்று மெல்லிய சத்தமும் ஓட்டை நகத்தால் சுரண்டுவது போல ஒன்றும் கேட்கும். நீங்கள் மெதுவாகப் பேசினால் அது பதில் கொடுக்கும், ஒரு முட்டை கத்தினால் பக்கத்து முட்டையும் கத்தும். வாத்து வளர்ப்பில் இதற்கு ஈடான மணி நேரம் வேறு இல்லை. குழந்தைகளைத் தூங்கவிடாமல் எழுப்பிக் காட்டலாம்.

அதிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் ஓட்டில் நட்சத்திரம் போல விரிசல். பிறகு ஒரு நீண்ட ஓய்வு. சோம்பல் இல்லை, சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குத் திரும்பி, மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படும் நேரம் அது. 24 மணி நேரம் ஆகலாம், 36 கூட ஆகலாம். அது முடிந்த பிறகு அகன்ற முனையைச் சுற்றி ஓட்டை வட்டமாகக் கீறிக்கொண்டே வந்து, மூடியைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டு ஈரமாக வெளியே விழும். கீறத் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு மணி நேர வேலைதான். நடுவில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் போய், கொழிஞ்சாம்பாறை வாசகிக்கு நேர்ந்ததுதான் நேரும்.

36 மணி நேரம் தாண்டியும் நகர்வில்லை, சவ்வு பழுப்பாகக் காய்ந்து தெரிகிறது என்றால் மட்டும் கை வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, காற்றறைப் பக்க ஓட்டை மட்டும் மிளகளவாக உடைத்து எடுங்கள். சவ்வில் சிவப்பு நரம்பு தெரிந்தாலோ ஒரு சொட்டு ரத்தம் கசிந்தாலோ அங்கேயே நிறுத்தி உள்ளே வைத்துவிட்டு, 6 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கடைசித் தள்ளல் குஞ்சுடையதாகவே இருக்கட்டும்.

வந்த குஞ்சைப் பெட்டியிலேயே தூவி உலரும் வரை, 12 மணி நேரமாவது, விட்டு வையுங்கள். வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு ஒரு நாளுக்கு மேல் தாங்கும். பசிக்குமே என்று பதற வேண்டியதில்லை.

கேள்வி: முகத்தில் சிவப்புச் சதை உள்ள மணிலா வாத்து முட்டை. 30 நாள் ஆகியும் ஒன்றும் இல்லை. எறிந்துவிடட்டுமா?
– கம்பம் வாசகர்

பதில்: எறியாதீர்கள். அது வேறு இனம். 33 முதல் 35 நாள் ஆகும். கூடவே ஒரு செய்தி: காக்கி கேம்பெல் போன்ற முட்டை இனங்கள் பெரும்பாலும் அடைக்கே உட்காராது. மணிலாப் பெட்டை பொறுமையாக உட்காரும், பிற வாத்து முட்டையையும் பொரித்துத் தரும். ஆனால் அதையும் நாட்டு வாத்தையும் இணைய விட்டுப் பிறக்கும் குஞ்சு இறைச்சிக்குத்தான் ஆகும். அதற்கு வாரிசு வராது.

கேள்வி: முதல் வாரம் எப்படி வைத்துக்கொள்வது? பல்பு எத்தனை நாள்?
– பலர்

பதில்: 10 குஞ்சுக்கு மூன்றடிக்கு இரண்டடி அட்டைப்பெட்டி, முழங்கால் உயரம். ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பல்புக்கு அடியில் முதல் வாரம் 32 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது. குஞ்சே சொல்லிவிடும்: பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, ஆங்காங்கே சிதறிப் படுத்திருந்தால் சரி.

தரையில் செய்தித்தாள் மட்டும் போடாதீர்கள். வழுக்கிக் கால் இரு பக்கமும் அகன்றுவிடும். சணல் சாக்கு போடுங்கள், ஒரு வாரம் போனதும் உமியோ வைக்கோலோ. எலி, கீரி, பூனை, காகம் எல்லாவற்றுக்கும் இது விருந்து. மேலே அரை அங்குலக் கம்பிவலை இல்லாமல் ஓர் இரவும் விடாதீர்கள்.

வாத்துக்குஞ்சு பெட்டியை நாறடிப்பது தண்ணீரால்தான். ஆனால் தண்ணீரைக் குறைக்கவும் முடியாது: மூக்குத் துளை முழுக நனைத்துக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும், கண்ணும் ஒட்டும். ஒரு கிலோ தயிர் டப்பாவில் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, தலை மட்டும் நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டி, மூடியைப் போட்டு வையுங்கள். அதைக் கம்பிவலை போட்ட பேசின் மேல் நிறுத்தினால் சிந்துவது கீழே போய்விடும். அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுங்கள். தீனி வைக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், காய்ந்த தீனி தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: வாத்துதானே என்று மூன்றாம் நாள் தொட்டியில் விட்டோம். இரண்டு செத்துவிட்டது.
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: இன்குபேட்டர் குஞ்சின் தூவி தண்ணீரைத் தடுக்காது, பஞ்சு மாதிரிக் குடித்துவிடும். தாயோடு வளரும் குஞ்சு தாயின் சிறகடியில் உடனே காய்ந்துகொள்ளும்; இதற்கு அந்த வசதி இல்லை. நனைந்து, நடுங்கி, ஏற வழியில்லாமல் சாகிறது. ஒரு வாரம் போனதும் வெதுவெதுப்பான தண்ணீர் ஓர் அங்குல ஆழத்தில், கண் பார்வையில், மூன்று நான்கு நிமிடம். உடனே துடைத்துப் பல்புக்கு அடியில் விடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் பகல் வெயிலில் தாராளமாக விடலாம். எந்தத் தொட்டியானாலும் ஏறி வரச் செங்கல் படி வேண்டும். கோழி பொரித்த குஞ்சுக்கும் இதுவே. தாய்க்கோழி கரையில் நின்று கத்துமே தவிர, இறங்கிக் காப்பாற்றாது.

கேள்வி: கோழிக்குஞ்சுத் தீவனம்தான் போடுகிறோம். மூன்றாம் வாரம் கால் வளைந்து உட்கார்ந்துவிடுகிறது.
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: நியாசின் என்ற பி வைட்டமின் குறைவு. வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் வேண்டும். கோழிக்குஞ்சின் தேவை கிட்டத்தட்ட அதில் பாதி. எனவே கோழித் தீவனத்தில் கோழி நடக்கும், வாத்து நடக்காது. கிலோவுக்கு 50 கிராம் புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) தூள் கலந்து கொடுங்கள். கிடைக்காவிட்டால் கால்நடை மருந்துக் கடையில் நியாசின் உள்ள பி காம்ப்ளெக்ஸ் மருந்தைக் குப்பியில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். ஆரம்பத்தில் பிடித்தால் சில நாளில் எழுந்துவிடும். எலும்பு வளைந்து முற்றிவிட்டால் திரும்பாது.

ரத்தக்கழிச்சல் மருந்து கலந்த கோழித் தீவனம் வாங்காதீர்கள். வாத்து அதிகம் தின்னும், மருந்தும் அதிகம் சேரும்.

வீட்டிலேயே 10 கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் 4.6, சோயாப் புண்ணாக்கு 2.5, தவிடு 1.2, உப்பில்லாத உலர்மீன் தூள் 0.8, உடைத்த கோதுமை 0.7, தாது உப்புக் கலவை 0.2 கிலோ. புரதம் 20 முதல் 22 சதவீதம் வரும். மீன் உப்பில்லாததாக இருக்க வேண்டும், சாப்பாட்டுக் கருவாடு கொடுத்தால் குஞ்சு உப்பு நஞ்சில் போய்விடும். ஈஸ்டை மறக்காதீர்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் புட்டுப் பதத்துக்கு நனையுங்கள், புளித்ததைக் கொட்டிவிடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து சோயாவைக் குறைத்து, கீரை, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, நத்தை என்று சேருங்கள். புரதம் மிதமிஞ்சிப் போனால் சிறகு வெளிப்பக்கம் திருகிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் பக்கம் கடலைப் புண்ணாக்கு மலிவு. சோயாவுக்குப் பதில் அதைப் போடலாமா?
– நகரி வாசகர்

பதில்: குஞ்சுக்கு வேண்டவே வேண்டாம். நிலக்கடலையில் ஒரு வகைப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வாத்துக்குஞ்சின் ஈரலை அடிப்பது போல வேறெந்தப் பண்ணைப் பறவையையும் எளிதில் அடிக்காது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளோடு வாத்துக்குஞ்சுகளும் மடிந்தபோதுதான் இந்த நஞ்சே வெளிச்சத்துக்கு வந்தது; காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. பிறகு நஞ்சைச் சோதிக்கவே ஆய்வகங்களில் ஒரு நாள் வாத்துக்குஞ்சைத்தான் பயன்படுத்தினார்கள். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கும். வெயிலில் காய்ந்தாலோ அடுப்பில் வெந்தாலோ போகாது. மழையில் நனைந்த மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: கேரளாவிலிருந்து முட்டையோ குஞ்சோ கொண்டுவரலாமா?
– புளியரை வாசகர்

பதில்: முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்ட வாத்துகளில் பறவைக் காய்ச்சல் வந்த பிறகு, குட்டநாட்டுப் பக்கம் அது திரும்பத் திரும்ப வருகிறது. அப்போதெல்லாம் புளியரை, குமுளி, வாளையார், களியக்காவிளை சோதனைச் சாவடிகளில் கோழி, வாத்து, முட்டை வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். வடக்கே 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்திலும் வந்தது. தடை உள்ள நேரத்தில் பையில் மறைத்துக் கொண்டுவருவது உங்கள் ஊர் வாத்தையெல்லாம் பணயம் வைப்பது.

தடை இல்லாத நாளில், பத்தனம்திட்டா மாவட்டம் நிரணத்தில் அரசு வாத்துப் பண்ணை இருக்கிறது. பெங்களூரு ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழியின மேம்பாட்டு நிறுவனமும் வாத்துக்குஞ்சு கொடுக்கிறது. போகும் முன் இருப்பு கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையைக் கூர்முனை கீழே இருக்க, உமியில் புதைத்துக் கொண்டுவாருங்கள். மலைப்பாதைப் பேருந்தில் குலுங்கிய முட்டையை உடனே அடை வைக்காமல் அரை நாளாவது அசையாமல் நிறுத்தி வையுங்கள்.

புதிதாக வந்தவற்றை மூன்று வாரமாவது பழைய வாத்தோடு சேர்க்காதீர்கள். 8 வாரம் ஆனதும் வாத்து பிளேக் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு குப்பி பல வாத்துகளுக்கு வரும் என்பதால் தெருவில் வைத்திருப்பவர்கள் சேர்ந்து போனால் வீணாகாது.

கேள்வி: ஒரே ஒரு குஞ்சுதான் பொரித்தது. எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தனியே விட்டால் கத்தல் தாங்கவில்லை.
– செங்கோட்டை வாசகி

பதில்: பொரித்த முதல் நாளில் எது கண்ணெதிரே நடமாடுகிறதோ அதையே தாயாகப் பிடித்துக்கொள்ளும். உங்களைப் பிடித்துக்கொண்டது. அதே வயதில் இன்னொரு குஞ்சு வாங்கிச் சேருங்கள். வேறு வழி இல்லை. அடுத்த முறை மூன்று முட்டையாவது உயிரோடு இருந்தால் மட்டும் 7ஆம் நாளுக்கு மேல் தொடருங்கள்.

கேள்வி: ஆணா பெண்ணா?
– பலர்

பதில்: 7, 8 வாரம் பொறுங்கள். கையில் தூக்கிப் பிடித்தால் பெட்டை தெருவே திரும்பிப் பார்க்கும்படி ‘குவாக்’ என்று கத்தும். ஆணுக்குத் தொண்டை கட்டினாற்போலக் கரகரப்புதான் வரும். பின்னால் ஆணுக்கு வாலின் மேல் இரண்டு மூன்று இறகு சுருண்டு நிற்கும். மணிலா வாத்துக்கு இந்தக் குரல் கணக்கு ஒத்துவராது. அதில் ஆண் பெட்டையைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாக வளர்ந்துவிடும்.